170-இல் வைத்தால் 215 காட்டும் ஓவன்: மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வணக்கம்.

இந்த ஓவனைப் பற்றி உங்களுக்கு நான் எழுதுவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் வாட்ஸ்அப்பில் மலாயில் எழுதினேன். பதில் வந்தது, ஆனால் நான் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது வேறொன்று. இந்தத் தடவை தமிழிலேயே எழுதுகிறேன். இந்த ஓவனை வாங்கச் சொல்லி எங்கள் கையில் கொடுத்த விளம்பரத் தாள் தமிழில்தான் இருந்தது, கடையில் விற்ற அண்ணனும் தமிழில்தான் பேசினார், அதனால் புகாரைத் தமிழில் படிக்கவும் உங்களிடம் ஆள் இருப்பார் என்று நம்புகிறேன். மலாயில் ஒரு பிரதியும் கூடவே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய அடுக்குமாடியில் 4-ஆவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், மின்தூக்கி கிடையாது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மேடையில் மிக்சியையும் அரிசி டின்னையும் எடுத்துவிட்டு உங்கள் ஓவனுக்கு இடம் ஒதுக்கினேன். அந்த ஓவன் என் அம்மா வாங்கிக் கொடுத்த சீர். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர். நாங்கள் லயத்து வீட்டில் இருந்தபோது தீபாவளிக்கு அவர் கேஸ் அடுப்பின் மேல் வைக்கிற வட்ட அலுமினிய ஓவனில்தான் கேக் சுடுவார். அதில் அடிப்பக்கம் எப்போதும் கருகும். கருகியதைக் கத்தியால் சுரண்டிவிட்டு மேல்பாதியை எங்களுக்கு வெட்டிக் கொடுப்பார், சுரண்டலை ஒட்டிய பகுதி அவருக்கு. "உன் வீட்டுல நல்ல ஓவன் ஒண்ணு இருக்கணும்" என்று சொல்லிச் சேர்த்து வைத்த பணத்தில்தான் 389 ரிங்கிட் கொடுத்து உங்கள் 42 லிட்டர் ஓவனை வாங்கினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் பதிலில் 'சிறு சமையலறைச் சாதனம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் அது அவ்வளவு சின்ன விஷயம் கிடையாது.

முதலில் பட்டர் கேக் செய்தேன், அம்மாவின் அளவில்: 250 கிராம் பட்டர், 200 கிராம் சீனி, 4 முட்டை, 200 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு, கொஞ்சம் பால். பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாவைச் சலித்துப் போட்டு, நடுத்தட்டில் 170-இல் வைத்தேன். 50 நிமிடம் ஆகும் என்பது கணக்கு. 20 நிமிடத்திலேயே வாசனை மாறிவிட்டது, 25-இல் மேல்பக்கம் கறுத்துவிட்டது. ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பார்த்தால் மாவு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது. கேக்கின் மேல்பக்கம் சீக்கிரம் இறுகிவிட்டால் உள்ளே வேகிற மாவுக்கு உப்ப வழி இல்லாமல் நடுவில் வெடித்துக்கொண்டு வெளியே வரும். என் கேக்கும் அப்படித்தான் வெடித்தது, வெடித்த இடத்தில் வழிந்த பச்சை மாவு கருகிய மேல்தோலில் விழுந்து அதுவும் கருகியது.

என் கைப்பக்குவம்தான் சரியில்லை போல என்று நினைத்தேன். நீங்களும் பிறகு அதையேதான் சொன்னீர்கள். அடுத்த வாரம் கீழ்த்தட்டில் வைத்தேன், அதற்கடுத்து தகரத்தை மாற்றினேன், மேலே அலுமினியத் தாள் போட்டு மூடினேன், சூட்டை 150-க்கு இறக்கினேன். நான்கு கேக் போயிற்று, ஒவ்வொன்றுக்கும் பட்டருக்கும் முட்டைக்கும் மட்டுமே 20 ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, கருகியதை வெட்டிப் போட்டுவிட்டு வேலைக்குக் கட்டிக்கொண்டு போனார். அம்மா பிள்ளைகளுக்காகச் சுரண்டிய அதே வேலையை என் வீட்டில் புது ஓவனை வைத்துக்கொண்டு நானும் செய்ய வேண்டியதாயிற்று, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்தாவது கேக் எனக்காகச் செய்தது இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்கு 7-ஆவது பிறந்தநாள். நாங்கள் குடிவந்த முதல் நாள் தண்ணீர் வராதபோது இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த அக்கா, அதனால் கேக் நான் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். பண்டான் கேக் வேண்டும், பச்சையாக இருக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டது. இலையை அரைத்துச் சாறு எடுத்து, 150-இல் வைத்து, ஓவன் முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் காப்பிக் கலரில் வந்தது, கதவுப் பக்கம் வேகவே இல்லை, எடுத்து வைத்ததும் நடு அமுங்கிவிட்டது. சாயங்காலம் 5 மணிக்கு அக்கா பட்டணத்துக்குப் போய் பேக்கரியில் வாங்கி வந்தார். பிள்ளை என்னிடம் வந்து "பரவாயில்ல அக்கா, நாளைக்குச் செஞ்சு தாங்க" என்றது. அந்த நாளை இன்னும் வரவில்லை.

அதன் பிறகுதான் ஓவனைச் சோதித்துப் பார்த்தேன், செய்ததை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன், உங்கள் தொழில்நுட்ப ஆட்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். சீனி ஏறக்குறைய 186 டிகிரி செல்சியசில்தான் உருகும். அதனால் 175-இல் ஓவனை நன்றாகச் சூடாக்கி ஒரு கரண்டிச் சீனியைத் தாளில் வைத்து 15 நிமிடம் விட்டால் அது சீனியாகவே இருக்க வேண்டும், 190-இல் வைத்தால் உருக வேண்டும். கேக் செய்கிறவர்கள் ஓவனைச் சரிபார்க்கிற பழைய வழி இது. நான் 175-இல் வைத்தேன், 6 நிமிடத்தில் ஓரம் கண்ணாடி மாதிரி ஆனது, 10 நிமிடத்தில் முழுக்க உருகிப் பழுப்பாகிவிட்டது. குமிழை 150-க்குத் திருப்பி, முக்கால் மணி நேரம் விட்டு, புதுச் சீனியை வைத்தேன். அதுவும் உருகியது. 150 என்று எழுதியிருக்கிற இடத்தில் சீனி உருகுகிறது என்றால், குமிழில் இருக்கிற எண்ணுக்கும் உள்ளே இருக்கிற சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இதுவும் போதாது என்று ஈப்போவில் கேக் சாமான் விற்கிற கடையில் 18 ரிங்கிட்டுக்கு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் தொங்கவிட்டேன். குமிழ் 170-இல் இருக்க, அரை மணி நேரம் கழித்து 215 காட்டியது. சூடேறும்போது எரிகிற விளக்கு அணைந்த பிறகு 195 வரை இறங்கியது, மறுபடி எரிந்ததும் 225-க்குப் போனது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு தடவைகூட 195-க்குக் கீழே வரவில்லை. அப்புறம் தட்டு முழுக்க ஆறு ரொட்டித் துண்டுகளைப் பரப்பி 10 நிமிடம் வைத்தேன். பின்வரிசை மூன்றும் கறுப்பு, அதிலும் இடது மூலையில் இருந்தது கரியே ஆகிவிட்டது, முன்வரிசையில் வலது பக்கத்துத் துண்டு மட்டும் கடையில் வாங்கிய மாதிரியே வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைத் துண்டு எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. ஓவன் ஆறிய பிறகு கதவைச் சாத்திவிட்டு, அதே வலது பக்க மேல்மூலையில் உங்கள் உத்தரவாத அட்டையைச் செருகிப் பார்த்தேன். உள்ளே போகிறது. கதவு அங்கே ஒட்டவில்லை, சூடு அந்த வழியாகத்தான் போகிறது. படங்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன, தெர்மாமீட்டரும் குமிழும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதிலில் 'மாவு அளவைச் சரிபார்க்கவும்' என்றீர்கள். சரி, மாவு அளவு தப்பு என்றே வைத்துக்கொள்வோம், சீனியில் என்ன அளவு இருக்கிறது? ரொட்டித் துண்டில் என்ன அளவு இருக்கிறது?

இரண்டாவது பதில் 'தோட்டப் பகுதிகளில் மின்அழுத்தம் சீராக இருக்காது' என்று வந்தது. இதைப் படித்ததும் என் கணவருக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன், மின்சாரம்தான் அவர் தொழில். நம் நாட்டில் வீட்டு மின்அழுத்தம் 230 வோல்ட். ஓவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார், 234 இருந்தது. அழுத்தம் குறைந்தால் ஓவன் மெதுவாகச் சூடாகும், கருக்காது. கொஞ்சம் கூடினாலும், வைத்த சூடு வந்ததும் நிறுத்துவதற்குத்தானே உள்ளே தெர்மோஸ்டாட் இருக்கிறது? அது நேரத்துக்கு நிறுத்தவில்லை என்பதுதான் பழுது. சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம் என்பதால் எங்கள் மின்சாரத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. இதே ஊரில் எத்தனையோ வீடுகளில் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் டப்பா டப்பாவாக பிஸ்கட் சுட்டு எடுக்கிறார்கள்.

அப்புறம் ஈப்போ சேவை மையத்துக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். வீட்டுக்கு ஆள் வருவது உத்தரவாதத்தில் இல்லை என்றீர்கள். எங்களிடம் கார் இல்லை. 10 கிலோவுக்கு மேல் இருக்கிற ஓவனை நான்கு மாடி இறக்கி, மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனோம். வழியில் மழை. பெட்டி நனையாமல் இருக்க என் மழைக்கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டேன். 16 நாள் கழித்துக் கூப்பிட்டீர்கள், மறுபடி அதே மாதிரி கொண்டுவந்தோம். பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் 'சோதிக்கப்பட்டது, பழுது இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தச் சூட்டில் சோதித்தார்கள், எவ்வளவு காட்டியது, ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து திரும்பவும் தெர்மாமீட்டரைப் போட்டேன். 170-க்கு 215. கதவு இடைவெளியும் அப்படியே இருக்கிறது, கூடுதலாகக் கைப்பிடியில் ஒரு திருகாணியைக் காணோம்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், எதற்காக விற்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ய வேண்டும். வைத்த சூட்டில் நிற்காத ஓவன் ஓவனின் வேலையைச் செய்யவில்லை. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முதல் பாரத்தை நிரப்பியே வைத்திருக்கிறேன். அதை அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, எனக்கு வேண்டியது ஒழுங்காக வேலை செய்கிற ஓவன்.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் வேறொரு ஓவன் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆள் அதில் தெர்மாமீட்டர் வைத்து, 150, 170, 190 மூன்றிலும் என்ன காட்டுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது முடியாது என்றால் 389 ரிங்கிட்டை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். கடைச் சீட்டாக, வேறு சாமானாக வேண்டாம். பழைய ஓவனை நீங்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இன்னொரு முறை அதை மடியில் வைத்து ஈப்போவுக்குக் கொண்டுவர மாட்டேன். உங்கள் மையத்துக்கு இரண்டு முறை போய்வந்த பெட்ரோலையும், போன ஐந்து கேக்கையும் நான் கணக்கில் கேட்கவில்லை. 'பயன்படுத்தியவரின் தவறு' என்று என் பெயரில் உங்கள் பதிவேட்டில் எழுதியிருப்பதை மட்டும் நீக்க வேண்டும், நீக்கியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து "கேக் நல்லா வருதா?" என்று கேட்கிறார். நல்லா வருதும்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார், நெய் பிஸ்கட்டையும் பட்டர் கேக்கையும் நானே செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

ரசீது, உத்தரவாத அட்டை, சேவை மையத்தின் தாள், 14 படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை 3 மணிக்கு மேல் அனுப்புங்கள், அப்போதுதான் என் கணவர் வேலை முடிந்து வந்திருப்பார், ஓவனைக் கீழே இறக்க ஒரு கை கொடுப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்