தையல்கடை ஆன்டிக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்

பினாங்கில் சுங்கை பினாங்கு ஆற்றின் கரையோரக் குடியிருப்பாளர்கள் சார்பில் வணக்கம்.

வெள்ளமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த டிங்கிக் காய்ச்சலும் என்ன செய்தன என்று இந்த வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நோயாளியும் வீடு திரும்பிவிட்டார். இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

படகோடு வந்த தீயணைப்பு வீரர்கள், பொதுத் தற்காப்புப் படையினர், நிவாரண மையத்தில் சமைத்த கோவில் இளைஞர்கள், காசு வாங்க மறுத்த நாசி கண்டார் கடைக்காரர், சேற்று மெத்தைகளை லோரியில் ஏற்றியவர்கள், எல்லாருக்கும் நன்றி. "காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் வேணும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் உடனே வாங்க, ஆஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம்" என்று வீடு வீடாகச் சொன்ன கிளினிக் தாதியருக்கும்தான்.

ஆனால் திரைச்சீலை தைக்கும் நம் சீன ஆன்டி செய்ததை யாரும் கேட்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

குழாய்த் தண்ணீர் நின்றதும் வீட்டுக்கு வீடு 200 லிட்டர் தோம்பு (தண்ணீர்ப் பீப்பாய்) வந்துவிட்டது. கொசுவுக்கு அது போதும். தோம்பின் மூடி வெயிலில் வளைந்து விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். நடுவில் குழிந்த மூடியென்றால் அதன் மேலேயே மழைநீர் தேங்கும். கொசுப்புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தோம்புக்குள் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. தோம்புகளைப் பார்த்துவிட்டுப் போன ஆன்டி, மறுநாள் ஒரு மூட்டை வலை உறைகளோடு வந்தார். விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தவை, பார்க்க ஷவர் தொப்பி மாதிரி இருக்கும்.

அவர் அளவு இது: வாய் 58 சென்டிமீட்டர் அகலமென்றால் துணியை 90 சென்டிமீட்டர் வட்டமாக வெட்ட வேண்டும். எலாஸ்டிக் தோம்பின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 145 சென்டிமீட்டர். அதற்கு மேல் நீளம் விட்டால் காற்றில் கழன்றுவிடும். துணி சாதாரணக் கொசுவலைதான். பழைய லேஸ் திரை வேண்டாம், கண் பெரிது. மழைநீர் வலை வழியே இறங்கும், கொசு இறங்காது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு: தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நிற்க வேண்டும். வலை தொய்ந்து தண்ணீரைத் தொட்டால், கொசு வெளியில் உட்கார்ந்தபடியே அதன் வழியாக முட்டையிட்டுவிடும். உறை போட்டாயிற்று என்று வாரக் கழுவலை விடவும் கூடாது. டிங்கிக் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். அதனால் கவிழ்த்தால் போதாது, பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக நம் வெக்கையில் ஏழு முதல் பத்து நாள்; வெப்பம் கூடினால் இன்னும் சுருங்கும். கழுவ வழியில்லாத பெரிய தொட்டிக்கு மட்டும் புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் மணல் மருந்து, 100 லிட்டருக்கு 10 கிராம்.

உறைக்குப் பணம் நீட்டினோம். "துணி மிச்சம், நூல் மிச்சம்" என்று தையல் இயந்திரத்தை மிதிக்கப் போய்விட்டார். நிவாரணப் பட்டியல்களில் அரிசியும் போர்வையும் எப்போதும் இருக்கும். தோம்புக்கு மூடி இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

கடுமழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை திரும்ப வரும். கடல் ஏற்றமும் மழையும் ஒன்றாக வந்தால் ஆற்று நீர் வடியாது. ஆகவே இனி ஆண்டுதோறும் ஆகஸ்ட்டிலேயே கூரைத் தூம்புகளைச் சுத்தம் செய்து, உறைகளை எண்ணிப் பார்த்து, கடல் ஏற்ற நேர அட்டவணையை மாடிப்படி அருகில் ஒட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

ஆன்டி வெட்டிக் கொடுத்த அட்டை மாதிரி குடியிருப்பாளர் சங்க அறையில் இருக்கிறது. பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) மக்களும் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். எலாஸ்டிக் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.