செயலாளர் அறிக்கை 2025-26: கண்டிக்கோட்டை போய் வந்த ஆண்டு

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய அறிக்கையை இங்கே முழுசாகப் போடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் அன்றே வாசித்துவிட்டார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிடுங்கள்.

மாத நடை எட்டு நடந்தது, மீதி நாலு மழையில் போயிற்று. காரங்காடு அலையாத்திக் காடு, திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை, அழகன்குளம் எல்லாம் போனோம். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாக அரசு அறிவித்ததே, அதனால் தை மாத நடையை அங்கே வைத்தோம், கூட்டமும் நன்றாக வந்தது.

இனி ஆந்திராவின் கண்டிக்கோட்டை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்கிறோமே, அதுவும் மணல்மேடுதான். அதனால் இந்த முறை பாறையும் பள்ளத்தாக்கும் பார்த்தே ஆக வேண்டும் என்று பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். முன்பணம் வாங்கிய வேன்காரர் கிளம்புகிற அன்று காலையில் கைவிரித்துவிட்டார். பெரியபட்டினத்து உறுப்பினர் தன் மச்சானிடம் பேசி வேறு வண்டி பிடித்திருக்காவிட்டால் பயணமே இல்லை. அந்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ராத்திரி முழுக்க ஓடி, ஆந்திராவில் கடப்பை மாவட்டம் ஜம்மலமடுகு தாண்டி, காலையில் கோட்டை வாசலில் இறங்கினோம். கோட்டைக்குள்ளேயே ஒரு ஊர் இருக்கிறது, ஆடு மாடு கட்டி ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மசூதியைக் கடந்து போனால் சிவப்புப் பாறைகள் பலகை பலகையாக அடுக்கி வைத்ததுபோல் கிடக்கின்றன, கை ஊன்றித்தான் ஏற வேண்டும். ஏறி நின்றால் தரை அங்கேயே முடிந்துவிடுகிறது. கீழே ஏறக்குறைய 300 அடியில் பெண்ணாறு பச்சையாக வளைந்து போகிறது, எதிர்க்கரையும் அதேபோல் செங்குத்துச் சுவர். நாங்கள் நின்ற இடத்தில் தடுப்பு எதுவும் இல்லை. நாற்பது வருஷம் கடலுக்குப் போன நம் பாம்பன் பெரியவர் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆழம்னா எனக்குத் தெரியும் தம்பி, ஆனா அடி தெரியிற ஆழத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

எங்களைச் சுற்றிக் காட்டியவர் அந்தக் கோட்டை ஊர்க்காரர். விசாகப்பட்டினத்தில் போட்டில் வேலை பார்த்த நம் ஆள் ஒருவர் கூடவே நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டி என்றால் தெலுங்கில் மலையிடுக்கு, அதனால்தான் இந்தப் பெயராம். விஜயநகரத்துக்குக் கீழே பெம்மசானி நாயக்கர்கள் ஆண்டது, 1650-ல் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா பிடித்தது, பள்ளம் ஒரு பக்கம் காவல் நின்றதால் பிடிக்கிறவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் நிறுத்திக் கைகாட்டிச் சொன்னார். மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, அதை ஒட்டிய தானியக் களஞ்சியம் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். நம் கீழக்கரைத் தங்கச்சி, மசூதியின் வளைவுகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலில் கோயில் மண்டபம் மாதிரி கல்தூண் நிற்கும், இங்கே இப்படி இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஊர்க்காரர் தோளில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. எதற்கு என்று முதலில் புரியவில்லை. திரும்பி வரும்போது பாறை இடுக்கில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களால் அது பாதி நிறைந்திருந்தது, பேசிக்கொண்டேதான் பொறுக்கிப் போட்டிருக்கிறார்.

மறுநாள் பேலம் குகை. சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டானது, 3229 மீட்டர் நீளம், 2002-ல் மக்களுக்குத் திறந்தது. உள்ளே புழுக்கம் அதிகம், வயதானவர்கள் இருவரைப் பாதியில் மேலே கூட்டி வந்துவிட்டோம், இனி இப்படி இடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

வந்த பிறகு தனுஷ்கோடியில் ஒன்றைப் பார்த்தேன். இடிந்த தேவாலயத்து முன்னால் ஒரு வெளியூர்க் குடும்பம் நின்று, இது என்ன என்று கேட்டது. வண்டி ஓட்டி வந்த தம்பி "புயல்ல போச்சு" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? 1964 டிசம்பர் 22 ராத்திரி பயணிகளோடு வந்த ரயில் கடலுக்குள் போனதையும், அந்தச் சுவரின் கல்லே பவளப்பாறைதான் என்பதையும் தொட்டுக் காட்டிச் சொல்ல நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேராவது வேண்டும்.

அதைத்தான் தீர்மானமாகக் கொண்டுவந்தேன், ஒருமனதாக நிறைவேறியது. தனுஷ்கோடி, பாம்பன், காரங்காடு, சேதுக்கரை நாலு இடத்திலும் இளவட்டங்களைச் சேர்த்து, மாதம் ஒரு ஞாயிறு பெரியவர்களோடு உட்கார வைக்கப் போகிறோம். கச்சான் காற்று எப்போது அடிக்கும், கொண்டல் காற்றில் கடல் எப்படி மாறும், எந்தப் பாறைக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சுற்றிக் காட்டுகிற பழக்கம் அப்புறம் வரும். பாம்பன் பெரியவர் முதல் ஞாயிறுக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். பிள்ளைகளின் பெயரை என்னிடம் கொடுங்கள், பொம்பளைப் பிள்ளைகளையும் கட்டாயம் அனுப்புங்கள்.

அடுத்த நடை தனுஷ்கோடி அரிச்சல்முனை, காலை ஐந்தரைக்குப் பாம்பன் பேருந்து நிறுத்தத்தில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு சாக்கு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்