பத்தாம் வகுப்பைக் கோத்தகிரிக்குக் கூட்டிவரும் வேதியியல் டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

காலை பதினொன்றுக்கு டீ ஃபேக்டரிக்குள் நுழைந்து பன்னிரண்டரைக்குச் சாப்பிடக் கிளம்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் கடைசி வேலையான சல்லடை ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு ஒரு கப் டீ குடிக்கலாம், அவ்வளவுதான். டீயின் தலையெழுத்து முதல் நாள் சாயங்காலமே எழுதப்பட்டுவிடுகிறது. எனவே ஒரு ராத்திரி தங்குங்கள்.

சாயங்காலம் பச்சைக் கொழுந்து மூட்டை வந்து இறங்கும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்துங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு மூட்டை நடுவில் கையை விடச் சொல்லுங்கள். வெதுவெதுவென்று இருந்தால் ஆபத்து. பறித்த பிறகும் இலை சுவாசிக்கும். அமுக்கிக் கட்டிய மூட்டையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, இலை சிவந்துவிடும். அப்படிச் சிவந்ததை அப்புறம் எந்த மிஷினும் சரிசெய்யாது. அடுத்து நூறு கொழுந்தை எண்ணிப் பிரிக்கட்டும்: இரண்டு இலை ஒரு அரும்பு எத்தனை, மூன்று இலை எத்தனை, அரும்பு அடங்கிப்போன ‘பஞ்சி’ எத்தனை. சந்தேகம் வந்தால் தண்டை ஒடித்தால் போதும். இளசு பட்டென்று முறியும், முற்றியது நாராகத் தொங்கும். கையால் பறிக்கும் தோட்டத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒரு சுற்று. ஆள் கிடைக்காமல் கத்தரி வைத்து வெட்டும் தோட்டத்தில் சுற்று நீளும், முற்றல் கூடும். மழை நாளில் இலைமேல் ஒட்டிய ஈரத்துக்காக எடையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில் சிறு விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் நடக்கும் வாக்குவாதத்தைப் பிள்ளைகள் கேட்டாலும் நல்லதே, அதுவும் பாடம்தான்.

ராத்திரி வேலை வாட்டுதல். கம்பிவலை போட்ட நீளத் தொட்டியில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்றை 12 முதல் 16 மணி நேரம் செலுத்துவார்கள். பறித்த கொழுந்தில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி மிஷினில் செய்யும் தூளுக்கு அதை 70 அளவுக்கும், இலை முறுக்கிச் செய்யும் ஆர்த்தடாக்ஸுக்கு 60 பக்கத்துக்கும் இறக்க வேண்டும். வெறும் காயவைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புரதம் உடைந்து அமினோ அமிலம் கூடுவதும், மணத்துக்கு அடிப்படை விழுவதும் இந்த மணிநேரங்களில்தான். மஞ்சு மூடிய ராத்திரியில் காற்றே ஈரமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் சூடான காற்றைக் கலப்பார்கள். அவசரப்பட்டு அதைக் கூட்டினால் இலையோரம் கருகும், தண்டு பச்சையாகவே நிற்கும்.

கரும்பலகைக்கு ஒரு கணக்கு. 100 கிலோ கொழுந்தில் 77 கிலோ தண்ணீர் என்றால் திடப்பொருள் 23 கிலோ. வாட்டி 70 சதவீத ஈரத்துக்கு இறக்கினால் எடை சுமார் 77 கிலோ. கடைசியில் ஈரம் 3 சதவீதமாகும்போது 24 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாரும் சிந்தலும் போக 22, 23 கிலோ தூள் கைக்கு வரும். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து என்று இங்கே சொல்வது இதைத்தான்.

அதிகாலையில் சிடிசி ஓடும்போது போய்விடுங்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்றைவிட மற்றொன்று பத்து மடங்கு வேகமாக. இப்படி மூன்று நான்கு ஜோடிகள் வரிசையாக. பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், டீயில் நார் கூடும். வெட்டுப்பட்ட பச்சைத்தூள் கண்ணெதிரே செம்பு நிறமாவது உங்கள் பாடத்துக்கென்றே நடப்பதுபோல இருக்கும். இதைப் புளிக்கவைப்பது என்பார்கள். ஆனால் இட்லி மாவு புளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பது எப்படியோ அப்படி. செல் கிழிந்ததும் பாலிஃபீனாலும் அதை ஆக்சிஜனேற்றும் நொதியும் சந்திக்கின்றன. முதலில் உருவாகும் தியாஃபிளேவின் பளிச்சென்ற நிறமும் நாக்கில் ‘சுர்’ரென்ற பிடிப்பும் தரும். பிறகு கூடும் தியாரூபிஜின் கருமையும் கனமும் தரும். 45 முதல் 90 நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். முன்னதாக நிறுத்தினால் பச்சை வாடையும் கரகரப்பும். தாமதித்தால் நிறம் இருக்கும், உயிர் இருக்காது.

அந்த நிறுத்தத்தைச் செய்வது டிரையர். நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்காற்றில் நொதி செயலிழக்கும். சூடு குறைந்தால் தூள் வெந்து அவிந்த ருசி வரும். எடுத்தவுடன் அதிகமானால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் சிக்கும். அது மூட்டையில் கிடந்து பூஞ்சை பிடிக்கும்.

சல்லடை அறையில் பத்து நிமிடம் போதும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுப்பதுபோல, நிலைமின்னேற்ற உருளைகள் நாரை மட்டும் இழுத்தெடுப்பதை மட்டும் காட்டுங்கள். தூசி அதிகம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வெளியிலேயே நிறுத்துங்கள். மிஷின் பக்கம் போகும் பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளட்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது திங்களைத் தவிருங்கள்; ஞாயிறு கொழுந்து பறிக்காத தோட்டத்தில் மறுநாள் அரைக்க எதுவும் இருக்காது. உறைபனி விழும் ஜனவரியில் கொழுந்தே குறைவு.

வடிதாளும் எடுத்து வாருங்கள். வழியில் சல்லிசாகக் கிடைக்கும் தூளையும் ஃபேக்டரித் தூளையும் தனித்தனித் தாளில் தூவி, தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்துத் தூளை எடுத்துவிட்டுக் குழாயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் கலந்த தூள் இருந்த இடத்தில் கறை நிற்கும்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து