ஒரு காலைப் பொழுதை எனக்குக் கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குச் சளி விட்டதா, அதை முதலில் எழுது.

டிசம்பரில் வரும்போது ஆலப்புழா போகலாம், ஹவுஸ்போட் இப்போதே பார்த்து வைத்துவிடட்டுமா என்று மாப்பிள்ளை கேட்கிறார் என்றாயே, போனில் பேசினால் பாதி சொல்வேன் பாதி விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஹவுஸ்போட் வேண்டாம் பாப்பா. விடிந்ததும் ஏறுகிற மாதிரி ஒரு சின்னப் படகு, நம் வீட்டு ஆட்கள் மட்டும், காலைச் சாப்பாடு படகிலேயே. நானும் அப்பாவும் தை மாதம் போனது அப்படித்தான். போய் வந்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், உன்னையும் பிள்ளைகளையும் அந்தப் படகில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

ஹவுஸ்போட் அழகில்லை என்று சொல்லவில்லை. அந்தக் கெட்டுவள்ளம் என்பதே பெரிய கைவேலை, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்வது, அந்தக் காலத்தில் கொச்சிக்கு நெல் ஏற்றிப் போனது. இப்போது அதன் மேல் அறை கட்டி ஏசி மாட்டிவிட்டார்கள். ஆனால் அது பெரிய உடம்புக்காரப் படகு, சின்ன வாய்க்கால்களுக்குள் நுழையாது. பொழுது சாய்கிற நேரத்தில் ஏதாவது ஒரு கரையில் கட்டிவிடுவார்கள், அதற்கு மேல் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். அப்புறம் ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் அறைக்குள் படுத்துக் கிடக்க இவ்வளவு தூரம் எதற்கு? காலையில் அந்தப் பெரிய படகுகள் கிளம்புவதற்கு முன்னால் இருக்கிற நேரம்தான் தங்கம். தண்ணீரில் அலையே இருக்காது.

போகிற வழியை ரொம்ப எழுதவில்லை, உனக்குத் தெரிந்த வழிதான், தேனி, கம்பம், குமுளி, அப்புறம் பீர்மேடு தேயிலைத் தோட்டங்கள் வழியாக இறங்கி முண்டக்கயம், சங்ஙனாச்சேரி. லோயர் கேம்ப்பில் மட்டும் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி, பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக்கின் மணிமண்டபத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். மலையிலிருந்து இறங்கும் அந்த ராட்சதக் குழாய்களை இந்தத் தடவை நானும் நன்றாகப் பார்த்தேன். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழ வேண்டிய பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது 1895இல். அந்தத் தண்ணீர்தான் வைகை அணைக்கு வந்து நம் வீட்டுக் குழாய் வரைக்கும் வருகிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், இருந்தாலும் மறுநாள் காலையில் படகில் உட்கார்ந்திருந்தபோது அது வேறு மாதிரி மனதில் ஓடியது, அதைச் சொல்கிறேன்.

படகுக்கு அங்கே ஷிக்காரா என்று பெயர். மேலே கூரை, கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள மெத்தை போட்ட இருக்கை, பக்கங்கள் திறந்தே இருக்கும், பின்னால் சின்ன எஞ்சின். பத்துப் பேரோடு சேர்ந்து போகிற படகும் உண்டு, வாடகை குறையும். ஆனால் முழுப் படகையும் நமக்கென்று எடுத்தால்தான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும், எஞ்சினை அணைக்கச் சொன்னால் அணைப்பார்கள், பாட்டுப் போட வேண்டாம் என்றால் போட மாட்டார்கள். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. நாங்கள் புன்னமடைக் காயலில், நேரு கோப்பைப் படகுப் பந்தயம் முடிகிற இடம் என்று ஒரு படித்துறை இருக்கிறதே, அங்கே ஏறினோம். வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது, காயல் மேல் லேசாகப் பனி. மூங்கில் கம்பத்துக்கு ஒன்றாக நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் நின்றன, படகு பக்கத்தில் போனாலும் பறக்கவில்லை.

கொஞ்ச தூரம் காயலில் போய்விட்டு ஒரு வாய்க்காலுக்குள் திரும்பினார் படகுக்காரர். அங்கேதான் ஊர் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரில் இறங்குகிற நாலு படி, படியில் கட்டிய ஒரு சின்ன வள்ளம். ஒரு அம்மா பாத்திரம் துலக்குகிறார், ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே எங்களைப் பார்த்துத் தலையசைக்கிறார், பால்காரர் வள்ளத்தில் வருகிறார். எதிரே அரசாங்கப் படகு ஒன்று வந்தது, நம் ஊர் டவுன் பஸ் மாதிரியே நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆள் ஏற்றுகிறது, உள்ளே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் மடியில் பையை வைத்துக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டு போகிறார்கள். பெரியவனுக்கு அதைக் காட்ட வேண்டும். அவன் டிராமில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, படகில் போகிறவர்களைப் பார்த்தால் ஆயிரம் கேள்வி கேட்பான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையிடமும் சொல். அது அவர்களுடைய வீட்டு வாசல். குளிக்கிறவர்கள் இருப்பார்கள், துணி துவைப்பவர்கள் இருப்பார்கள். கேமராவை மடியில் வைத்துவிடுங்கள், பறவைக்கும் தென்னைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மாமர நிழலில் படகைக் கட்டினார். அவர் வீட்டில் சமைத்த சாப்பாடு, அடுக்கு டிபன் கேரியரில் கரையிலிருந்து அவர் மகன் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு தட்டில் சிவப்பரிசிப் புட்டு, குழலிலிருந்து தள்ளிய வடிவம் கலையாமல், தேங்காய்ப்பூ நடுநடுவே வெள்ளையாக. கடலைக்கறி, தேங்காயைச் சரியான பதத்துக்கு வறுத்துக் கறுப்பாகும் முன்னால் எடுத்து அரைத்தது, மேலே தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியிருந்தது. அப்புறம் ஓரம் மொறுமொறுவென்று அப்பம், முட்டைக்கறி, பழுத்த நேந்திரம்பழம், பால் ஊற்றாத கட்டன் சாயா. குடிக்கிற வெந்நீர் ரோஸ் கலரில் இருந்தது, பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். புட்டை நம் வீட்டில் சர்க்கரை போட்டுத்தானே சாப்பிடுவோம், அங்கே பழத்தை உதிர்த்த புட்டோடு பிசைந்து முதலில் ஒரு வாய், அப்புறம் கடலைக்கறி ஊற்றிக்கொண்டு, அப்படிச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் தட்டை என் கையில் கொடுத்தார் பாப்பா. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குக் காலை என்றால் அடுப்படிதான், மாவு, சட்னி, மூன்று டிபன் பாக்ஸ், உனக்குச் சடை, அப்பாவுக்கு ஃப்ளாஸ்க். நீங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு ஆறிப்போன இட்லியை நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆனால் காலை வெயில் எப்படி ஒரு இடத்தில் மெதுவாக ஏறுகிறது என்று உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சூடான தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தென்னை நிழல் தண்ணீரில் குறுகிக் குறுகிக் கரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்பா இரண்டாவது தடவை அப்பம் கேட்டு வாங்கினார், நான் எழுந்திருக்கவில்லை. இதை நீயும் ஒரு தடவை அனுபவிக்க வேண்டும். அங்கே ஆபீஸ், பிள்ளைகள், காலை ஏழு மணிக்கு நீ படுகிற பாடு எனக்கு வீடியோ காலிலேயே தெரிகிறது.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவினாரோ இல்லையோ, கரை மேல் ஏறிவிட்டார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். நான் இருந்த படகு ஓடுகிற தண்ணீர் மட்டம் மேலே, கரைக்கு அந்தப் பக்கம் வயல் ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே, கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. ஆலப்புழாவைச் சுற்றியுள்ள இந்தக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே நெல் போடுகிறார்கள், 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதைப் பாரம்பரிய வேளாண்முறை என்று அங்கீகரித்திருக்கிறது. உங்கள் நாட்டிலும் கடலைத் தள்ளி நிலம் எடுத்திருக்கிறார்கள் என்று நீ சொல்வாயே, அதேதான், ஆனால் இங்கே மனிதர்கள் காயலின் சேற்றை வாரிக் கரை போட்டு எடுத்தது.

அப்பா வேலை பார்த்த காலமெல்லாம் பெரியாறு வைகைப் பாசனம்தானே. பேரணையிலிருந்து மேலூர் வரைக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஆட்கள் வந்து நிற்பதும், இவர் ராத்திரி எழுந்து போவதும் உனக்கு நினைவிருக்கும். நம் கண்மாய்க்குக் கீழேயும் வயல் தாழ்வாகத்தான் இருக்கும், மடையைத் திறந்தால் பாயும், மிஞ்சினது அடுத்த கண்மாய்க்குப் போகும். அங்கே மிஞ்சினது போக இடமே இல்லை. அதனால் வயலிலிருந்து தண்ணீரை இறைத்து மேலே வாய்க்காலில் தள்ளுகிறார்கள். மரப்பெட்டி வைத்த ஒரு பழைய இறவை எந்திரம் கரையில் இருந்தது, பெட்டியும் பறையும் என்று பெயராம், அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். அவரை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. கோடையில் கடல் உப்பு ஏறாமல் இருக்க 1976இல் தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை போட்டார்கள், அதை எப்போது மூட வேண்டும் எப்போது திறக்க வேண்டும் என்று நெல்லுக்காரர்களுக்கும் மீன்காரர்களுக்கும் இன்னமும் ஒத்துவராது என்று படகுக்காரர் சொன்னதும், எல்லா ஊரிலும் ஷட்டர் பிரச்சினைதான் என்றார் அப்பா.

மதுரையா, எங்கள் பெரியாற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் ஆயிற்றே என்று படகுக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது, எங்கே பேச்சு வேறு பக்கம் போய்விடுமோ என்று. அப்பா அமைதியாக, ஆமாம், அந்தத் தண்ணீரால்தான் என் பிள்ளைகள் படித்தார்கள் என்றார். அவ்வளவுதான். இருவரும் அப்புறம் 2018 வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் வீட்டுச் சுவரில் ஜன்னலுக்கு மேலே வெள்ளத் தடம் இன்னும் இருக்கிறதாம், எல்லாரையும் படகிலும் லாரியிலும் ஏற்றிச் சங்ஙனாச்சேரிக்குக் கொண்டுபோனார்களாம்.

இன்னொன்று என் மனதை விட்டுப் போகவில்லை. சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், ஆனால் படிகளில் குடிதண்ணீருக்கு வரிசையாகக் குடம். காயல் தண்ணீரைக் குடிக்க முடியாது, டீசல், குப்பை, ஆகாயத்தாமரை. நம் தெருவில் லாரிக்கு நான் குடம் போட்டுக் காத்திருந்த நாள்கள்தான் ஞாபகம் வந்தன. நாம் போகும்போது பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஸ்டீல் பாட்டில்களை நான் எடுத்து வைத்துவிடுகிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசி வாரம் வேண்டாம், அங்கே கால் வைக்க இடம் இருக்காது, விலையும் ஏறிவிடும். அதற்கு முன்னால் ஏதாவது ஒரு வார நாள். முந்தின நாளே போய்த் தங்கிவிட்டால்தான் விடிந்ததும் ஏற முடியும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றவே கூடாது, 2009இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனதை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்கவில்லை. பெரியவர்கள் அளவுதான் எல்லாப் படகிலும் கிடக்கும், பிள்ளைகள் அளவு முன்கூட்டியே கேட்டால்தான் வைப்பார்கள், அதனால் இரண்டு பேரின் எடையையும் எழுதி அனுப்பு. நேரம் இருந்தால் வைக்கத்துக்கும் போகலாம், அங்கிருந்து தவணைக்கடவுக்கு 2017 முதல் சூரிய ஒளியில் ஓடுகிற படகு இருக்கிறது, பெரியவனுக்கு எஞ்சின் என்றால் உயிராயிற்றே. பெரியார் நினைவகமும் அங்கேதான், அப்பா கட்டாயம் போக வேண்டும் என்பார்.

சின்னவளுக்கு முட்டை ஒத்துக்கொள்கிறதா, காரம் எவ்வளவு சாப்பிடுகிறாள் என்றும் எழுது, படகுக்காரரிடம் அப்பா இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்கிறார். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா