கடைசித் தேதி

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

போன வாரம் போனில் நீயும் மாப்பிள்ளையும் போட்ட சண்டையில் எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. அரசுக் கல்லூரியில் சேருகிற பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வர என்ன வழி என்பதுதானே பேச்சு? தேர்ச்சி விகிதத்தை ஏற்றப் போனால் பட்டத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்கிறார் மாப்பிள்ளை. அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் முப்பது வருஷம் தேர்வுப் பிரிவு கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பாதியில் நின்றவர்களில் பலர் படிப்பு வராமல் நின்றவர்கள் இல்லை.

ஏற்காட்டிலிருந்து வருகிற பையனையே எடுத்துக்கொள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ் வந்து சேரும்போது முதல் வகுப்பு பாதி போயிருக்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வுக்கே சிக்கல். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வரும், மலையில் காபிப் பழம் பறிப்பும் அப்போதுதான் தொடங்கும். வீட்டில் ஆள் பத்தவில்லையென்றால் அவன் கூடையைத்தான் எடுப்பான். ஒரு தாள் போனால் அரியர், அதற்குத் தனிப் பணம். இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் "அப்புறம் எழுதிக்கிறேன் சார்" என்பான். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. டவுன் பையன்கள் ராத்திரி கொலுசுப் பட்டறையில் வெள்ளியைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துவிட்டு, காலையில் வகுப்பில் தூங்குவார்கள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. ஒரு வருஷம் தேர்வு விண்ணப்பத்துக்கு அபராதத்தோடு கடைசி நாள். ஒரு பெண் பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தாள். நாற்பது ரூபாய் குறைந்தது. "முழுசா கொண்டு வாம்மா" என்றேன். விண்ணப்பத்தை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள், திரும்பி வரவில்லை. அன்று எனக்குச் சம்பள நாள், சட்டைப்பையில் பணம் இருந்தது.

நியூயார்க் சிட்டி பல்கலைக்கழகத்தின் 'அசாப்' திட்டத்தைப் பற்றி நீ சொன்னபோது அவள் ஞாபகம்தான் வந்தது. 2007-இல் தொடங்கியது. போக்குவரத்துக்குப் பாஸ், புத்தகச் செலவுக்கு உதவி, கூப்பிட்டுப் பேச ஓர் ஆலோசகர். இரண்டு வருஷப் படிப்பை மூன்று வருஷத்தில் முடித்தவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களில் 22 சதவீதம், இருந்தவர்களில் 40. ஆளுக்குச் செலவு கூடினாலும், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்ததாம். மாப்பிள்ளைக்கு இதைச் சொல். பாடத்தை யாரும் எளிதாக்கவில்லை.

இங்கேயும் பணம் வருகிறது. 2022-லிருந்து புதுமைப்பெண், 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய். நல்ல காரியம். ஆனால் பையன் ஒரு வாரம் வரவில்லையென்றால் ஏன் என்று யார் கேட்பது? வகுப்பு ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் அறுபது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அசாப்பில் முழுநேரமாகப் படித்தாக வேண்டும் என்றாயே, பட்டறைப் பையன் அதற்கு என்ன செய்வான்? விசாரித்து எழுது. ஒரு ஆலோசகர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதையும் கேள்.

தட்டுவடை செட்டுக்கு வெறும் தட்டுவடை மட்டும் அனுப்புகிறோம். சட்னியை நீயே அரைத்துக்கொள்.

அப்பா