பூங்கொடிக்கு, அந்தக் கொப்புளம் பற்றி

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதை நேரில் பேசலாம்.

உன் கபடி டீமின் டோர்னமென்ட் கதையை நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசி வரியில், "ரைட் கார்னர் பொண்ணுக்குக் கணுக்கால் பிசகிடுச்சு, ஜெல் போட்டு நல்லா நீவிக் கட்டுனோம், காலைல பார்த்தா கொப்புளம்" என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறாயே! அதைத்தான் நீ முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். கப்பு ஜெயித்ததெல்லாம் பிறகு.

ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படி. நம் கடைகளில் கிடைக்கும் பல வலி ஜெல்களில் ஒரே கூட்டுதான்: டைக்ளோஃபினாக் டைஎத்திலமைன் 1.16%, மீதைல் சாலிசிலேட் 10%, மெந்தால் 5%, ஆளிவிதை எண்ணெய் 3%. இதில் அடிபட்ட இடத்து அழற்சியைக் குறைப்பது முக்கியமாக டைக்ளோஃபினாக். மெந்தால் தோலில் குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. சாலிசிலேட் தோலை உறுத்தி அங்கே ரத்தத்தை வரவழைக்கிறது. ஜில்லென்றும் சுள்ளென்றும் இருப்பதில் உள்ளே இருக்கும் வலி கொஞ்ச நேரம் மறந்துபோகிறது, அவ்வளவே. தசை சூடாவதில்லை. உன் பிள்ளைகள் தைலத்தைத் தடவிக்கொண்டு வார்ம்-அப் செய்யாமல் களத்தில் இறங்குகிறார்கள் என்றால் இன்றோடு நிறுத்து. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்துக்கு எந்தக் களிம்பும் ஈடாகாது. அதோடு, கபடியில் உடம்பில் எண்ணெயோ வழுக்கும் பொருளோ பூசக் கூடாது என்று விதியே இருக்கிறது, உனக்குத் தெரியாததா?

இனி கொப்புளம். இந்த மெந்தாலும் சாலிசிலேட்டும் மூடாத தோலில் ஓரளவு ஆவியாகிப் போகும். மேலே கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினால் போக வழியில்லாமல் வியர்வையோடு சேர்ந்து தோலுக்குள்ளேயே இறங்கும். வெந்நீர் ஒத்தடம், வெந்நீர்க் குளியல் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. கடுமையான தீப்புண்களில் பெரும்பாலானவை மெந்தால் 3 சதவீதத்துக்கும் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்தவற்றால் வந்தவை, பலருக்கு ஒரே ஒரு தடவை பூசியதிலேயே வந்தது. அதனால் பூசினால் கட்டாதே, கட்டினால் பூசாதே. எரிச்சல் தாங்கவில்லை என்று யாராவது சொன்னால் "மருந்து வேலை செய்யுது" என்று சமாதானம் சொல்லாமல், தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவு. கொப்புளத்தை உடைக்காதே.

அளவும் முக்கியம். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். கணுக்காலைச் சுற்றி இரண்டு தடவை அப்படிப் பிதுக்கியது போதும். மெல்லிசாகப் பூசு, அழுத்தித் தேய்க்காதே, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கீறல் இருக்கும் இடத்தில் கூடாது. பூசியதும் கையைக் கழுவச் சொல். கழுவாத கையோடு பிடிக்கப் போனால் எதிர் அணி ரெய்டரின் கண் எரியும்.

ஜெல், ஸ்ப்ரே, தைலம் மூன்றையும் ஒரே காலில் போடும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். மூன்றிலும் சாலிசிலேட் இருக்கலாம். அது ஆஸ்பிரினின் உறவு, தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும். 2007இல் நியூயார்க்கில் ஓட்டப் பந்தய வீராங்கனை ஒருத்தி இப்படிப் பலவற்றைச் சேர்த்துப் பூசி, சாலிசிலேட் நஞ்சேறி இறந்துபோனாள். வயது பதினேழு. உன் பிள்ளைகளின் வயதுதான். கலப்பில்லாத வின்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மீதைல் சாலிசிலேட்தான்; அதன் ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 7 கிராம் சாலிசிலேட், அதாவது 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல். கிட் பையில் அந்தப் பாட்டில் இருந்தால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் உங்கள் பெரியப்பாவுக்கும் சாலிசிலேட் கலந்த எதுவும் வேண்டவே வேண்டாம்.

சரி, இனி நான் கேட்க வேண்டியது. பிசகிய அன்றைக்கே நீவியது ஏன்? முதல் இரண்டு மூன்று நாள் சூடும் கூடாது, நீவுவதும் கூடாது. உள்ளே கசியும் ரத்தம் கூடி வீக்கம் பெரிதாகும். ஈரத் துண்டில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், வெறும் கிரேப் பேண்டேஜ், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தல், இவ்வளவுதான் வேலை. "இன்னமும் லேசா நொண்டுறா" என்றும் எழுதியிருக்கிறாய். விழுந்ததும் நாலு எட்டு அவளால் நடக்க முடிந்ததா? கணுக்கால் மொளியின் பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ விரலால் அழுத்தினால் துடிக்கிறாளா? நடக்க முடியவில்லை என்றாலோ, அழுத்தினால் துடித்தாலோ சுளுக்கு என்று விட்டுவிட முடியாது, எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். ஜெல் வலியை மட்டும் அடக்கிவைக்கும், அந்தக் காலோடு அவள் அடுத்த மேட்ச் ஆடிவிடுவாள்.

எக்ஸ்ரே எடுத்தாயா இல்லையா? அதை மட்டும் முதலில் போனில் சொல். டோர்னமென்ட் கதையை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மல்லிகா