பின்ஹூக்கை உங்கள் கணக்கில் எழுதுங்கள்: மிசிசிப்பி ஆற்று ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மிசிசிப்பி ஆற்று ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் இருமுறை, வெள்ளம் ஏறியிருக்கும் வசந்த காலத்தில் ஒருமுறையும் நீர் தாழ்ந்த கோடையில் ஒருமுறையும், நீங்கள் கப்பலில் ஆற்றோடு வருகிறீர்கள். கரையோர ஊர்களில் நின்று, யார் வந்து பேசினாலும் கேட்டுக் குறித்துக்கொள்கிறீர்கள். ஆற்றின் வெள்ளக் கட்டுப்பாட்டைக் கவனிக்க 1879இல் அமைந்த ஓர் ஆணையம் இப்படி மக்கள் வாயிலிருந்தே குறை கேட்பதை நான் மதிக்கிறேன். அந்த மதிப்புதான் இந்த மடலை எழுத வைத்தது. நான் பேச வந்தது, இன்று அதன் மண்ணில் குடியென்று யாரும் இல்லாத பின்ஹூக் என்ற ஊரைப் பற்றி.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கு மூலை களிமண் தாழ்நிலம். அதன் வடமுனைக்கு எதிரே, இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரத்தருகே, ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் கலக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பெருகினால் அவ்வளவு தண்ணீருக்கும் போக்கிடம் வேண்டும். 1927இன் பெருவெள்ளத்தைக் கண்ட பிறகு, 1928ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தப் போக்கிடத்தைக் குறித்தது. பேர்ட்ஸ் பாயின்ட்டிலிருந்து நியூ மாட்ரிட் வரை ஏறத்தாழ 35 மைல் நீளம், சுமார் 1,30,000 ஏக்கர். ஆற்றோரம் எழுப்பிய ஒரு மண்கரை, உள்ளே தள்ளி இன்னொரு கரை. இரண்டுக்கும் இடையில் கிடப்பது வெள்ளத்துக்கு நேர்ந்துவிட்ட நிலம். அந்த வெள்ளவழியை அக்கம்பக்கத்தார் ஸ்பில்வே என்பார்கள். அங்கே தண்ணீர் விடும் உரிமையை அரசு நில உடைமையாளர்களிடம் விலை கொடுத்து வாங்கியது. 1937 ஜனவரியில் முதன்முதலாக ஆற்றோரக் கரையை வெடிவைத்து உடைத்தார்கள்.

மக்கள் வந்து ஊர் அமைத்தது இவையெல்லாம் முடிந்த பிறகு. 'ஆபத்து தெரிந்துதானே வந்தார்கள்?' என்று கேட்பவர்களுக்கு இந்த வரிசையே போதுமானதாக இருக்கிறது. ஆனால் ஏன் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1939 ஜனவரியில், நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட வாரக்குடிகள் இதே வட்டாரத்தில் 60, 61ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடும் பிள்ளைகளோடும் குளிரில் உட்கார்ந்து நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தலைமுறை தலைமுறையாகப் பருத்தி எடுத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு காணி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில், அப்படிப் பாடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் சில, சேர்த்துவைத்த காசோடு நிலம் வாங்க வந்தன. மேட்டு நிலத்தை அவர்களுக்கு விற்க ஆள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஸ்பில்வேயின் உள்ளே காடும் சதுப்புமாகக் கிடந்த மண். அது எப்படி இருந்திருக்கும் என்பதை அதே வெள்ளவழிக்குள் இருக்கும் பிக் ஓக் ட்ரீ பூங்காவில் இன்றும் காணலாம். வெட்டப்படாமல் தப்பிய ஓர் எச்சம் அது. அந்த மரங்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, நீரை வடித்து உழவு நிலமாக்கினார்கள். வீடுகள் எழுந்தன, தேவாலயம் எழுந்தது. அந்த ஊர்தான் பின்ஹூக்.

கரையை உடைக்காத ஆண்டுகளிலும் அவர்களுக்குத் தண்ணீர் புதிதில்லை. நியூ மாட்ரிட்டுக்கு அருகே கரையில் சுமார் 1,500 அடி இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஆறு ஏறினால் அதன் வழியே நீர் பின்னேறி வந்து வயலையும் சாலையையும் மூடும். அதையும் தாங்கிக்கொண்டு பின்ஹூக் எழுபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கில் அங்கிருந்தவர்கள் 30 பேர். பெரிய ஊரில்லைதான். ஆனால் வெளியூரில் பிழைக்கப் போனவர்களுக்கெல்லாம் திரும்பி வர ஒரு வீட்டு வாசலும் கூடிச் சாப்பிட ஒரு மேசையும் அங்கே இருந்தன.

2011 மே 2ஆம் தேதி, கெய்ரோவில் ஆற்றின் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் 61.72 அடியைத் தொட்டது. இரவு பத்து மணியளவில் உங்கள் ஆணையத்தின் அன்றைய தலைவரான ராணுவப் பொறியாளர் தளபதி மைக்கேல் வால்ஷின் உத்தரவுப்படி பேர்ட்ஸ் பாயின்ட் கரை, ஏறத்தாழ 2 மைல் நீளத்துக்குத் தகர்க்கப்பட்டது. கெய்ரோவில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. பின்ஹூக்கில் வீடுகள் மூழ்கின.

கெய்ரோவைக் காப்பாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. அது சுமார் 2,800 பேர் குடியிருந்த நகரம். அவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழைகள். அந்த நகரம் மூழ்க வேண்டும் என்று மனசாட்சி உள்ள எவரும் கேட்கமாட்டார்கள். என் மனக்குறை வேறு. அந்த வாரங்களில் நடந்த வாதம் முழுவதும், கரையை உடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போன மிசௌரியின் வழக்கு உட்பட, பெரும்பாலும் 'நகரமா, விளைநிலமா' என்ற வடிவில்தான் வெளியே கேட்டது. ஒரு பக்கத்தில் வீடுகள், மறுபக்கத்தில் ஏக்கர்கள். அந்த ஏக்கர்களுக்குள் ஓர் ஊர் இருப்பது காதில் விழவே இல்லை. வெளியேறச் சொன்னார்கள், ஆனால் சாமான் ஏற்ற வண்டியோடும் தங்க இடத்தோடும் அரசு தரப்பிலிருந்து யாரும் வரவில்லை என்பது ஊராரின் முறையீடு. ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

தகர்த்த கரை இரண்டே ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுந்துவிட்டது. ஊர் எழவில்லை. வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் சிதறின. பல ஆண்டுகள் அலைந்து, மனுப்போட்டு, தொண்டு அமைப்புகளின் உதவியோடு சில குடும்பங்கள் மட்டும் சைக்ஸ்டன் நகரில் பக்கத்துப் பக்கத்தில் வீடு பெற்றன. கரைக்கு முன்கூட்டியே திட்டமும் பணமும் இருந்தன, குடிகளுக்கு இல்லை. பொறியாளர்களான உங்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. 

நான் கேட்பது இதுதான். வெள்ளவழியைத் திறக்கும் உங்கள் செயல்முறைத் திட்டத்தில், வெடிமருந்துப் படகு எந்த அளவில் புறப்பட வேண்டும் என்பது அடி கணக்கில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படகு புறப்படும்போதே குடிகளுக்கான லாரியும் தற்காலிக வீடும் கைச்செலவுப் பணமும் புறப்பட வேண்டும் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் விடும் உரிமையை முதலில் விற்றவர் வேறு, இன்று அங்கே மூழ்குகிறவர் வேறு. ஆகவே பழைய பத்திரத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்காதபடி, மறுகுடியமர்த்தும் செலவைத் திட்டத்தின் செலவாகவே ஏற்க நாடாளுமன்றத்திடம் கேளுங்கள். வெள்ளவழியின் பயனைக் கணக்கிடும்போது, காப்பாற்றிய சொத்தின் மதிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் பின்ஹூக் என்ற பெயரும் இருக்கட்டும். 

பேர்ட்ஸ் பாயின்ட்டில் மீண்டும் எழுப்பிய கரையின் மேல் ஒரு பலகையும் வையுங்கள். 1937, 2011 என்ற ஆண்டுகளோடு, இந்தக் கரைக்குப் பின்னால் எந்த ஊர் இருந்தது, யார் காடு திருத்தி அதை உண்டாக்கினார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை உங்கள் அலுவலகத்தில் எழுதாதீர்கள். பின்ஹூக்கில் பிறந்தவர்கள் சைக்ஸ்டனிலும் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை உங்கள் கப்பல் நியூ மாட்ரிட் பக்கம் வரும்போது, அவர்கள் வந்து பேசக் காத்திருக்காமல், நீங்களே ஆள் அனுப்பி அவர்களை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஆறுகளைப் பற்றியும் அவற்றின் கரைகளில் வாழ்கிறவர்களைப் பற்றியும் கவலைப்படும் ஒருவர்